கடைசியாக வந்து நின்ற பிலோமினா அக்கா

பிள்ளைகளை இறக்கிவிட்டு, பள்ளி பஸ்ஸைத் தரிப்பிடத்தில் விட்டபோதுதான் கைத்தொலைபேசி அடித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லவால் நகரிலிருந்து பிலோமினா அக்காவின் மகள். பிரெஞ்சில் தொடங்கியவள் பாதியில் நின்று தமிழுக்கு வந்தாள். "அம்மா போயிட்டாங்க அங்கிள்." நோய் முற்றியிருந்தது எனக்குத் தெரியும். இருந்தும், "எப்ப பிள்ளை?" என்று மட்டும்தான் கேட்டேன்.

அவரை அறிந்து இங்கே வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் வாடகை வழக்குமன்றத்து மொழிபெயர்ப்பாளர். புதுச்சேரிக்காரர் என்பதால் சிறுவயதிலேயே பிரெஞ்சு வந்துவிட்டது. எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், குளிர்காலத்தில் சூடேற்றும் கருவி வேலை செய்யாத வீடொன்றில் என் தமக்கை குடும்பம் இருந்தது. வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததால்தான் வீடு குளிர்ந்ததாக வீட்டுக்காரர் கூசாமல் சொன்னார். பிலோமினா அக்கா அதை வரி பிசகாமல் தமிழில் சொன்னார். அவருடைய வேலை அதுதான். வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு, "அவன் பொய்ய நான் என் வாயால சொல்ல வேண்டியிருக்கு தம்பி. எத்தனை நாளைக்கு அடுத்தவங்க பேச்சையே பேசிட்டிருப்பேன்?" என்றார்.

அந்த ஆண்டு மாகாணத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தொகுதியில் நாங்கள் சேர்ந்திருந்த கட்சியின் வேட்பாளர் யார் என்பதை உறுப்பினர்கள் வாக்களித்துத் தீர்மானிக்க வேண்டும். கட்சித் தலைமைக்குப் பிடித்த ஒரு வழக்கறிஞர் வசந்தகாலத்திலிருந்தே வீடுவீடாக ஆள் சேர்த்திருந்தார். கிரேக்கக் கடைக்காரர் ஒருவரும் போட்டியில் இருந்தார். பதிவு முடியும் தறுவாயில் அக்கா தன் பெயரைக் கொடுத்தார்.

"பிந்திப் போச்சு அக்கா. ஆருக்குப் போடுறதெண்டு எல்லாரும் வாக்குக் குடுத்திட்டினம்" என்றேன்.

"கடைசியா வர்றதுல ஒரு வசதி இருக்கு தம்பி. எத தர்றேன், எந்தப் பதவி தர்றேன்னு நான் இன்னும் யாருகிட்டயும் சொல்லி வைக்கல."

எங்கள் ஊர் ஆட்களில் பாதிப்பேர் பாலா அண்ணை என்ற பெரியவரின் சொல்லைக் கேட்பவர்கள். அவரோ வழக்கறிஞருக்கு உறுதி கொடுத்திருந்தார். அக்காவை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தேநீர் வந்தது. அண்ணை முகத்துக்கு நேரே சொன்னார்: "நீங்கள் நல்ல மனுசி. ஓம், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா இருக்கிறது லவாலில. எங்கட ஊர் ஆளும் இல்லை. நான் சனத்துக்கு என்னண்டு சொல்லுறது?"

"நான் ஒங்க ஆள் இல்லதான் அண்ணே" என்றார் அக்கா. "அந்த வக்கீல் ஒங்க ஆளா?"

அண்ணை எழுந்தார். குடித்த கோப்பைகளை அவரே உள்ளே எடுத்துப் போனார். எங்களுக்கு அது தோல்வியாகவே பட்டது.

தேவாலயத்தின் அடித்தள மண்டபத்தில், ஒரு ஞாயிறு மத்தியானம் வாக்கெடுப்பு நடந்தது. முதல் சுற்றில் வழக்கறிஞர் முன்னே வந்தார். ஆனால் பாதியைத் தாண்டவில்லை. அக்கா இரண்டாவது, கடைக்காரர் போட்டியிலிருந்து வெளியேறினார். மண்டபம் இரைந்தது. அந்த இரைச்சலில் வழக்கறிஞரின் ஆள் ஒருவர் அக்காவிடம் வந்து குனிந்தார். இப்போது விலகினால் அடுத்த நகரசபைத் தேர்தலில் இடம் கிடைக்கும் என்றார். அக்கா பிரெஞ்சில் நன்றியாக "மெர்சி" என்று மட்டும் சொல்லி, அவர் நிமிர்ந்து போகும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரரின் ஆட்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போனார்கள். அப்போது பாலா அண்ணை எழுந்தார். மண்டபத்தின் குறுக்கே நடந்து எங்கள் பக்கம் வந்தார். பின்னால் அவருடைய ஆட்கள். வழியில் யாரோ மறித்துக் கத்தியதற்கு, "முதல் சுற்றுக்குத்தான் நான் வாக்குக் குடுத்தனான். அது முடிஞ்சுது" என்றார். அக்கா முன்கதிரையின் முதுகைப் பிடித்தார்.

இரண்டாம் சுற்று வாக்குகளை ஒருமுறை எண்ணினார்கள். முடிவைச் சொல்லாமல் மறுபடி எண்ணினார்கள். குழந்தையொன்று அழுதபோது தாய் அதை வெளியே தூக்கிக்கொண்டு ஓடினாள். பிறகு பெயரை வாசித்தார்கள். ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் வித்தியாசத்தில் வழக்கறிஞர் வென்றிருந்தார். அக்கா மேடையேறி அவருக்குக் கைகொடுத்தார். பாலா அண்ணையிடம் வந்து கும்பிட்டார். எல்லாரோடும் சிரித்துக் கதைத்தார்.

லவாலுக்கு என் காரில்தான் போனோம். பாலம் ஏறும்போது ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "பரவாயில்லை அக்கா. நாங்கள் இவ்வளவுக்கு வருவம் எண்டு ஆர் நினைச்சது?"

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க தம்பி" என்றார். "எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. ரொம்ப வேணும்னு இருந்துச்சு." ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பாமல், முகத்தை மூடாமல், வீடு வரும்வரை அழுதார்.

அந்த வாரமே அவர் வழக்குமன்றத்துக்குத் திரும்பிவிட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய துணிவைப் பற்றி நீங்கள் எல்லாரும் கதைப்பீர்கள், அது சரிதான். தோற்றபின் "நான் பெரிசா ஆசைப்படேல்லை" என்று சொல்லித் தப்புவது எங்கள் எல்லாருக்கும் கைவந்த வழக்கம். நானும் எத்தனையோ தடவை அப்படித் தப்பியிருக்கிறேன். அவர் தப்பவில்லை. வாய்ப்பே இல்லை என்று எல்லாரும் சொன்ன ஒன்றை முழு மனதோடு விரும்பினார். கிடைக்காதபோதும் விரும்பியதை மறைக்கவில்லை. வெட்கமில்லாத அந்த "வேணும்" என்ற சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன்.