கடித்த கொடிக்கம்பி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளிப் பட்டாசு சீசன் சூடு பிடித்திருந்த ஆவணி மாதத்தில் நடந்தது இது. திருத்தங்கல்லுக்கு அடுத்தாற்போல் ரயில் பாதையை ஒட்டிய வரிசையில் எங்கள் வீடு. முன்பக்கம் தெரு, பின்பக்கம் தண்டவாளம்.

நான் ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு திரும்பியதெல்லாம் உண்டு. அதனால் நான் எதைச் சொன்னாலும் வீட்டில் சிரிப்புதான்.

அப்போது எங்கள் பக்கம் வேக ரயில் விடப்போகிறார்கள் என்று பாதையைப் பலப்படுத்தி, தூண் நட்டு, மேலே மின்கம்பி இழுத்து முடித்திருந்தார்கள். டீசல் ரயில் ஓடிய காலத்தில் அது தூரத்தில் வரும்போதே அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். கரண்டில் ஓடும் ரயில்கள் வரத் தொடங்கியதும் அந்த எச்சரிக்கை போய்விட்டது. சும்மா இருக்கும் பின்பக்கத்தில் திடீரென்று ஒரு காற்று வீசும். திரும்பிப் பார்ப்பதற்குள் ரயில் போயிருக்கும்.

நாலு வீட்டுக்காரர்களும் சேர்ந்து தண்டவாளத்தின் பக்கமாகவே நீளமாக ஓர் இரும்புக் கம்பி கட்டி, துணி காயப்போட்டு வந்தோம். ஒரு நாள் உச்சி வெயிலில் துணி எடுக்கப் போனவள் கம்பியைத் தொட்டதும் விரலில் சுரீரென்றது. கட்டெறும்பு கடித்தது போல. எறும்பு இல்லை. எந்த ஒயரும் அந்தக் கம்பியில் சேரவில்லை. வேப்ப மரத்தில் ஓர் இலை அசையவில்லை, ஆனால் வண்டு இரைவது போல ஒரு சத்தம் மட்டும் காதருகே கேட்டது. ஒரு ரயில் கடந்து போனது. பிறகு தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

மறுநாளும் அப்படித்தான். ரயில் வரும் நேரமாகப் பார்த்து அது கடித்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கம்பிக்குப் பல்லா மொளைச்சிருக்கு? போ புள்ள, ஒனக்கு ஒன் நெழலப் பாத்தாலே பயம்" என்றார்.

பக்கத்து வீட்டு மதினி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அங்கனதான ஆடு மேய்க்க வந்த மனுசன் அடிபட்டுச் செத்தாரு. அவருக்கு என்ன மனக்கொறையோ" என்று சொல்லிவிட்டு, கம்பியில் ஒரு கொத்து வேப்பிலையைக் கட்டினார். இருந்த பயம் இரண்டு பங்கானது. அதிலிருந்து ஒரு கம்பால்தான் துணிகளை எடுப்பேன்.

எங்கள் வீட்டில் அப்போது கருந்திரி வேலை. பட்டாசுத் திரிக்காக நூலில் வெடிமருந்து பூசிக் காயவைத்துக் கொடுப்பது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் செய்யக் கூடாத வேலை, தெரிந்தே செய்தோம். வழக்கமாகத் தரையில் சாக்கு விரித்துக் காயவைப்போம். அன்று காலையில் மழை பெய்து பின்பக்கமெல்லாம் சேறு. மதியம் வெயில் சுள்ளென்று அடித்தது.

"சாயங்காலம் லோடு குடுக்கணும். கொடியில போட்டா சீக்கிரம் காஞ்சிரும்" என்றார் வீட்டுக்காரர்.

"அந்தக் கம்பி வேணாங்க" என்றேன். மதினி தன் வீட்டுப் பின்வாசலில் நின்று, "நாந்தான் வேப்பில கட்டிட்டேன்ல. மருந்து வேல பாக்குறவன் பொண்டாட்டி, துணிக் கம்பிக்குப் பயப்படுறா" என்று சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. என் கையாலேயே கத்தை கத்தையாகத் தொங்கவிட்டேன். அப்போது கம்பி கடிக்கவில்லை. நாலடி தள்ளி, பின்வாசல் தொட்டிலில் ஒன்றரை வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அறை நிறையக் கருந்திரி.

சிறிது நேரத்தில் தண்டவாளத்தோடு ஒரு ரயில்வே தொழிலாளி கையில் சிவப்புக் கொடிக் கம்போடு நடந்து வந்தார். வேக ரயிலின் சோதனை ஓட்டம், ஆடு மாடு பிள்ளைகளைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் எங்கள் கம்பியைப் பார்த்து நின்றார்.

"இம்புட்டு நீளத்துக்குக் கம்பி யாரு தாயி கட்டுனது?"

"துணி காயப்போட நாங்கதாண்ணே கட்டுனோம்."

"தொட்டா சுள்ளுங்குதா?"

அது வரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆமாண்ணே என்று விரலை நீட்டிக் காட்டினேன்.

"மேல போற கரண்டு, பக்கத்துலயே நீளமாக் கெடக்குற கம்பியிலயும் ஏறும். வண்டி வர்றப்ப இன்னுங் கூட ஏறும், பொறியே தெறிக்கும்" என்றவர், அப்போதுதான் அதில் தொங்கியதைக் கவனித்தார். இந்த ஊர்ப்பக்கத்து மனிதர், அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. குரல் மாறிவிட்டது. "கையால தொடாதீக. காஞ்ச கம்பு எடுத்துட்டு வாங்க. வண்டி விருதுநகர விட்டுப் பத்து நிமிசமாச்சு."

என் துணிக் கம்பை எடுத்தேன். வீட்டுக்காரர் ஒரு விறகோடு ஓடி வந்தார். அந்த அண்ணன் தன் கொடிக் கம்பாலேயே ஒவ்வொரு கத்தையாகத் தூக்கிச் சேற்றில் தள்ளினார். கடைசிக் கத்தை விழுந்ததும் மகளை வாரி எடுத்தேன். தெருவுக்கு ஓடத் திரும்பினேன்.

அதற்குள் ரயில் வந்தது. சத்தமே இல்லாமல் ஒரு வெள்ளைச் சுவர் நகர்ந்து போவது போல இருந்தது. கம்பி இரைந்தது. அதன் நுனி எங்கள் பின்வாசல் கொட்டகைத் தகரத்தை உரசுகிற இடத்தில், கடுகு பொரிகிற மாதிரி டிக், டிக்கென்று நீலப் பொறி. முதல் கத்தையை நான் தொங்கவிட்டிருந்த இடம் அதிலிருந்து ஒரு சாண்கூட இருக்காது. பிறகு ரயிலும் இல்லை, பொறியும் இல்லை. வெயில் மட்டும் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது.

அந்த அண்ணன் காய்ந்த கம்பால் கம்பியைத் தட்டிக் கீழே தள்ளினார். சேற்றில் கிடந்ததைப் பார்த்து, "இத நான் பாக்கல தாயி. ஆனா நாளைக்கும் இந்தப் பக்கம் வருவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். வீட்டுக்காரர் குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துவந்து, சேற்றில் கிடந்ததன் மேலும் உள்ளே இருந்ததன் மேலும் ஊற்றினார். மதினியும் தன் குடத்தை எடுத்து வந்தார். அடுத்த மாதத்திலிருந்து வீட்டுக்காரர் ஓர் அச்சகத்துக்கு வேலைக்குப் போகிறார்.

என் பயங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வீண் என்று எனக்கே தெரியும். எது வீண், எது நிஜம் என்று பிரித்துப் பார்க்க இன்றும் தெரியவில்லை. ஆனால் அன்று என் விரலுக்குத் தெரிந்ததை, சிரிக்கிறார்களே என்று நானே விழுங்கிவிட்டேன். இப்போதெல்லாம் பயம் வந்தால் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடுகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், சிரிப்பதற்கு அவர்கள் உயிரோடு இருக்க வேண்டுமே.