இரண்டு மணி அடித்தால் போதும்

வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் போனை எடுக்கக் கூடாது. அது தானாக இரண்டு மணி அடித்து நிற்க வேண்டும். மகளும் மருமகனும் எங்களோடுதான் இருந்தார்கள். மருமகன் தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. அந்தப் பக்கம் எங்கே வெடித்தாலும், அகப்பட்ட ஒரு ரூபாய் போனில் வீட்டு எண்ணை அழுத்தி, இரண்டு மணி அடித்ததும் வைத்துவிடுவார். உயிரோடு இருக்கிறேன் என்று பொருள். கல்யாணமான ஆறு வருடத்தில் ஒன்பது முறை அப்படி அடித்திருக்கிறது.

சிவகாசியில் இருந்த எங்கள் வீட்டில் இரண்டு லைன். முதல் லைனில் மூன்று அறைகளில் மூன்று போன். இரண்டாவது என் இளைய மகனின் பட்டாசு வியாபாரத்துக்கு, இன்டர்நெட்டும் அதில்தான். இரண்டாயிரத்து ஏழு வாக்கில், ஷார்ஜாவில் இருந்த மூத்தவன் இன்டர்நெட் வழியாகப் பேசுவதற்கு ஒரு சிறு பெட்டி கொடுத்தனுப்பினான். பெட்டியில் ஒரு போனை நேராகச் சொருக வேண்டும், அவ்வளவுதான். இளையவனுக்கு அது போதவில்லை. மூன்று போனிலும் அண்ணன் பேச வேண்டுமாம். ஒருநாள் காலையில் கூடத்துச் சாக்கெட்டைக் கழற்றி, முதல் லைனின் சிவப்பு, பச்சைக் கம்பிகளோடு பெட்டியின் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டான்.

"ஏலே, ரெண்டையும் ஒண்ணாக் கட்டலாமாலே?" என்றேன்.

"சரவெடி கட்டுறதில்லையா, அத்தா? திரியை முடிஞ்சு விட்டா அம்புட்டும் பத்தும்."

பட்டாசுக்காரன் புத்தி. திரியில் நெருப்பு ஒரு பக்கமிருந்துதான் வரும். இந்தக் கம்பியில் இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் வந்தது. ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது. அது பெட்டியின் ஒலி என்று எங்களுக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து அழைத்தவர்களுக்கோ நாங்கள் யாருடனோ பேசிக்கொண்டே இருப்பதுபோல் எங்கேஜ்டு. வழக்கமாகப் பத்து மணிக்குள் ஐந்து அழைப்பாவது வரும். அன்று ஒன்றுகூட வரவில்லை. இரண்டு முறை சொன்னேன். "சும்மா இருங்க அத்தா, சத்தம்தான் வருதுல்ல" என்றான்.

பதினொன்றரைக்கு ஜன்னல்கள் அதிர்ந்தன. அடுத்தடுத்து நான்கு வெடி. தெருவில் யாரோ, "தாயில்பட்டிப் பக்கம்யா! புகை அங்கனதான்" என்று கத்தினார்.

மகள் போன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். போன் அடிக்கவில்லை. தம்பியின் செல்போனை எடுத்தாள். ஊரே அழைத்துக்கொண்டிருந்ததால் இணைப்பு கிடைக்கவில்லை. இரண்டாவது லைனில் கம்பெனியை அழைத்தாள், யாரும் எடுக்கவில்லை. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சாக்கெட்டைத் திறந்தேன்.

"இந்த முறுக்கை அவிழ்க்கணும்லே."

"தொடாதீக! பெட்டி போயிரும்!" என்று இளையவன் என்னைப் பிடித்துத் தள்ளினான். என் தலை பின்சுவரில் மோதியது.

அடுத்த கணம் மகள் ரிசீவரால் அவன் நெற்றியில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். புருவம் பிளந்தது. அவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து ஸ்டூலில் மோதினான். "என் புருசன் செத்தா உன் ஷார்ஜாவைக் கொளுத்துவேன்லே!" என்று அவன் கையைக் கடித்தாள். நடுவில் போன எனக்கு விலாவில் ஒரு உதை. யாருடையது என்று தெரியவில்லை. அவள் சுவரில் காலை ஊன்றி, பெட்டியின் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாகப் பிடுங்கினாள். பெட்டி பறந்துபோய் நிலைக்கதவில் மோதிச் சிதறியது. கீழே தொங்கிய ரிசீவரை எடுத்துப் போனில் வைத்தேன்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. நின்றது.

"எத்தனை மணி?" மகள் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எல்லாத்தையும் எண்ணுவீகளே, சொல்லுங்க! ஒண்ணா, ரெண்டா?"

ஒன்று கேட்டேன். இரண்டாவது அவன் போட்ட அலறலில் போயிற்று. இரண்டு என்று சொல்லியிருக்கலாம். அவள் மறுபடி உலுக்கியதில் இரண்டு பொத்தான்கள் தெறித்து விழுந்தன.

அவன் நெற்றி ரத்தம் நிற்காததால் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். காயம்பட்டவர்களையும் அங்கேதான் கொண்டுவந்திருப்பார்கள் என்று மகளும் ஏறினாள். வாசலிலேயே வெடிமருந்து நெடி, கருகிய முடியின் நாற்றம். வெந்தவர்களை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். சிலருக்கு முகம் இல்லை. நான் எண்ணவில்லை. மகள் ஒவ்வொரு இலையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள்.

நர்ஸ் என் மகனைப் பார்த்து, "எந்தக் கம்பெனி?" என்றாள்.

"பதினோரு தடவை அடிச்சேன்! அம்புட்டுக்கும் எங்கேஜ்டு! பன்னெண்டாவதுதான் மணி போச்சு!"

நடையின் கோடியில் மருமகன். சட்டை இல்லை. ஒரு கிழவரைத் தூக்கிவந்து இறக்கிவிட்டு, கொப்புளித்த உள்ளங்கைகளை விரித்துக்கொண்டு கத்தினார். "இங்கன நாங்க பிணம் தூக்குறோம், நீங்க ஷார்ஜாக்காரனோட கதை பேசிட்டு இருந்தீகளா?"

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அருகில் வந்தபோதுதான் மைத்துனனின் ரத்தத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"மாப்ள, நீ எந்த ஷெட்டுல நின்னே?"

"நான்தான் அடிச்சேன்" என்றாள் மகள் தரையிலிருந்து. "நம்ம லைன்ல பெட்டியைக் கட்டி வச்சது இவன்தான்."

அவருக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் கை ஓங்கி அவன் கன்னத்தில் அறைந்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து அவன் கன்னத்திலேயே ஒட்டிக்கொண்டது. அலறியது அறைந்தவர்தான்.

"அடிச்சுக்கிறதுக்கு வேற இடமே இல்லையாய்யா உங்களுக்கு?" என்றாள் நர்ஸ்.

மகன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, கையை உயர்த்தியபடியே குழாயடிக்கு நடத்திக்கொண்டு போனான். குழாயில் தண்ணீர் வரவில்லை. மகள் எழுந்துவந்து தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"வாளி எங்கன இருக்குன்னு பாருலே, போ."