பிரதம விருந்தினர் எழுந்து நின்ற நாள்

எங்கள் குடும்பத்தில் உதைபந்தாட்டக்காரர் என்றால் அது மாமா ஒருவர்தான். அம்மாவின் ஒரே தம்பி. கிழமை முழுக்க மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தின் குசினியில் சட்டி பானை கழுவுவார். ஞாயிறு பிற்பகலில் மட்டும் ஒன்பதாம் இலக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இத்தாலியின் பலெர்மோ நகரத் தமிழர்களின் விளையாட்டுக் கழகத்துக்காக முன்வரிசையில் நின்று கோல் அடிப்பார். அடிப்பார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எனக்குப் பத்து வயதானபோது மாமாவுக்கு முப்பத்தெட்டு. பந்து அவரைத் தேடி வந்தால் அடிப்பார். அவர் பந்தைத் தேடிப் போவதை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது.

காரணம் வலது முழங்கால். இது எங்கள் வீட்டு இரகசியம். மாமா கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருக்க, அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பார். கழகத்தார் யாராவது படியேறி வருகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. அந்த வேலையில் எனக்குப் பெரிய பெருமை இருந்தது.

"இந்த முறையாவது விடு தம்பி. நாளைக்குக் கால் போனால் ஆர் உனக்கு வேலை தரப்போறான்? வேலை இல்லாட்டி பெர்மெஸ்ஸோவும் இல்லை," என்பார் அம்மா.

"ஓம் அக்கா, இந்தக் கப்போடை சரி," என்பார் மாமா.

போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் இதே பதில்தான். ஒவ்வொரு வருடமும் கோடையில் கத்தானியாவிலிருந்து ஒரு தமிழ் அணி வரும், எங்களைத் தோற்கடிக்கும், கப்பைத் தூக்கிக்கொண்டு ரயிலேறும். ஒரு தடவையாவது அந்தக் கப்பை வாங்கிவிட்டு விலக வேண்டும் என்பது மாமாவின் ஆசை. எனக்கும் அதே ஆசை. அம்மா சொன்ன வேலை, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எல்லாம் என் காதில் மழைக்குக் குடை கொண்டுபோ என்பதற்கு மேல் கேட்கவில்லை.

அம்மாவுக்கு வீட்டுவேலை லிபெர்த்தா வீதியில். லிஃப்ட் வைத்த பழைய கட்டடத்தின் நாலாம் மாடி. வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை. அம்மா இத்தாலிய மரியாதைப்படி அவரைச் சின்னோரா என்றும் அவருடைய கணவரைச் சின்னோரே என்றும் கூப்பிடுவார், நானும் அப்படித்தான். சின்னோரே ஸ்கொட்லாந்துக்காரர். உயரமான மனிதர், வெயிலில் பத்து நிமிடம் நின்றால் பீற்றூட் நிறத்துக்கு வந்துவிடுவார். படி இறங்கவே மாட்டார், லிஃப்ட் பழுதென்றால் அன்று வெளியே போவதில்லை. அவருடைய இத்தாலியனும் அம்மாவுடைய இத்தாலியனும் ஏறக்குறைய ஒரே வகுப்பு. பெயர்ச்சொற்களைப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கையால் முடித்துவிடுவார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கேதான் போவேன். அம்மா வேலையை முடிக்கும்வரை சின்னோரே தன் பழைய ஆல்பத்தை விரித்து எனக்குக் காட்டுவார். அவருடைய தாய் ஒட்டிவைத்த பத்திரிகைத் துண்டுகள். ஸ்கொட்லாந்தின் கீழ்ப் பிரிவுக் கழகங்களில் முன்கள வீரராக இருந்தவர் அவர். பகலில் வீடுகளுக்கு வர்ணம் பூசுவது, செவ்வாயும் வியாழனும் மாலையில் பயிற்சி, சனிக்கிழமை மழையில் ஆட்டம். கம்பிவேலியோரம் நின்று பார்ப்பவர்களை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியுமாம். கால் ஓய்ந்த பிறகு அவற்றில் ஒரு கழகத்துக்கு மேலாளரானார். பல வருடம் இருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை தொலைபேசியில் கூப்பிட்டு இனி வர வேண்டாம் என்றார்கள். அதோடு மனைவியின் ஊருக்கு வந்துவிட்டார்.

எனக்கு உள்ளூரக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வகுப்பில் பையன்கள் சேர்க்கும் ஸ்டிக்கர் புத்தகங்கள் எல்லாவற்றிலும் தேடிப் பார்த்தேன், அவர் இல்லை. ஆனால் மாமாவிடம் அதைச் சொல்லவில்லை. 'சின்னோரே பெரிய பிளேயர்' என்றுதான் சொன்னேன். அது கழகம் முழுக்கப் பரவியது. பரவும்போது கொஞ்சம் வளர்ந்தும் விட்டது.

நம்மவர்கள் எதையும் பிரதம விருந்தினர் இல்லாமல் தொடங்குவதில்லை. எங்கள் கப்புக்கு வழக்கமாக அரிசியும் கருவாடும் விற்கும் கடை முதலாளிதான் மாலையோடு உட்காருவார். அந்த வருடம் அவர் ஒரு கலியாணத்துக்காக ஊருக்குப் போய்விட்டார். கழகத் தலைவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, அம்மா தேத்தண்ணியை நீட்டியபடி, "எங்கட சின்னோரேயைக் கேட்டுப் பாருங்கோவன். அவரும் விளையாடின ஆள்தானே," என்றார். தலைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மாமாவும் நல்ல யோசனை என்றார்.

அழைப்பிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். பொன் எழுத்தில் முழுக்கத் தமிழில் அச்சடித்த அட்டை. சின்னோரே கண்ணாடியைப் போட்டு, அட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

விளக்கேற்ற வேண்டும், கதிரையில் இருக்க வேண்டும், கடைசியில் கப்பைக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் அந்த அட்டையை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்தைப் பார்த்த பிறகு, கதிரையில் இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அணியை நீங்கள்தான் நடத்த வேண்டுமாம்," என்று இத்தாலியனில் சொல்லிவிட்டேன். "மேலாளராகவா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அடுத்த அறையில் அம்மா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் ஒரு கணம் நின்றுவிட்டுப் பிறகு தொடர்ந்தது.

இவர் மைதானத்துக்கு வந்து கதிரையைப் பார்த்ததும் என்ன செய்வார், தலைவர் என்ன செய்வார், எல்லோரும் சேர்ந்து என்னை என்ன செய்வார்கள் என்று நினைத்து நினைத்தே அந்தக் கிழமை போனது.

ஆட்டம் பெலெக்ரினோ மலையடியில் ஒரு மண் மைதானத்தில். காலையில் எங்கள் வீரர்கள் மலையேறி ரொசாலியா மாதாவைக் கும்பிட்டு, இறங்கிவந்து பிள்ளையாருக்கு நேர்ந்த தேங்காயையும் உடைத்திருந்தார்கள். இரு தரப்பிலும் குறை வைக்கவில்லை. மாமா மட்டும் வேலை இருப்பதாகச் சொல்லி மலையேறப் போகவில்லை. அது பொய் என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

சின்னோரே கோட்டும் டையுமாக வந்தார். பன்னீர் தெளித்தோம், பொட்டு வைத்தோம். அணித் தலைவர் என்ற முறையில் மாமாதான் மாலை போட்டார். அத்தனை உயரத்துக்கு எட்டுவதற்காக மாமா நுனிக்காலில் எம்பியபோது, சின்னோரே குனிந்து மாமாவின் காலைப் பார்த்தார். கழகத் தலைவர் பொன்னாடை போர்த்திவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்து, நம் பிரதம விருந்தினர் உலகக் கிண்ணத்தில் விளையாடியவர் என்று முழங்கினார். கைதட்டல் ஓய்ந்ததும், என்ன சொன்னார் என்று சின்னோரே என்னிடம் கேட்டார். உங்களை நல்ல மனிதர் என்று சொன்னார் என்றேன். பொய்க்குப் பழகிவிட்டிருந்தேன்.

அவர் கதிரையில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று, எழும்பாதீர்கள், எழும்பாதீர்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இடைவேளைவரை அசையவில்லை. இரண்டு அணிக்கும் கோல் இல்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில் மாமா ஒரு உயரப் பந்துக்குப் பாய்ந்தார். இறங்கியபோது கால் மடங்கியது. விழுந்தவர் உடனே எழும்பி, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு நொண்டிக்கொண்டே ஓடப் பார்த்தார். அப்போது என் முன்னால் இருந்த கதிரை காலியானது.

கழுத்தில் மாலையோடு சின்னோரே எல்லைக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்தார். நடுவர் விசில் ஊதினார். அவர் இத்தாலியர், இந்த மாலை போட்ட ஆள் யாரென்று அவருக்குப் புரியவில்லை. தலைவர் வழியில் விழுந்த பொன்னாடையைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். ஆனால் யாரும் தடுக்கவில்லை. சற்றுமுன் கைதட்டி உட்காரவைத்த பிரதம விருந்தினரை எப்படித் தடுப்பது? அவர் மாமாவின் முன்னால் போய் நின்று, தன் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காட்டினார். அங்கே நீளமாக ஒரு தழும்பு. மாமா மாட்டேன் என்று தலையாட்டினார். சின்னோரே மாமாவின் கையைப் பிடித்தார். மாமா சுற்றிலும் பார்த்தார். கழகம், கத்தானியாக்காரர், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விருந்தாளியின் கையை உதறுவது எப்படி? தலையைக் குனிந்துகொண்டு கூட வந்தார்.

எல்லைக் கோட்டருகே வந்ததும் சின்னோரே தன் மாலையைக் கழற்றி மாமாவுக்குப் போட்டார். சனம் இதெல்லாம் ஏற்கெனவே பேசிவைத்த பிரியாவிடை என்று நினைத்துக் கைதட்டியது. மாமா அழுதார். சின்னோரே அதன்பின் கதிரைக்குத் திரும்பவில்லை. கோட்டோரமாக நின்று, பக்கத்தில் மாமாவையும் நிறுத்தி, ஒவ்வொரு பையனைக் காட்டியும் ஏதோ கேட்டார். கொஞ்ச நேரத்தில் இருவரும் சேர்ந்து தமிழிலும் இங்கிலீசிலும் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்படியும் கடைசி நேரத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். கத்தானியாக்காரரிடம் கப்பைக் கொடுத்ததும் சின்னோரேதான். அதற்குத்தானே அவரைக் கூப்பிட்டிருந்தோம்.

ஒன்பதாம் இலக்கம் நின்றிருந்தால் வென்றிருப்போம் என்று சனம் பல நாள் பேசியது. மாமா அந்தச் சட்டையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். எல்லாம் என் பொய்யால் வந்த வினை என்று எனக்குத் தெரியும். நான் மேலாளர் என்று சொல்லாமல் விட்டிருந்தால் அந்த மனிதர் கதிரையிலேயே இருந்திருப்பார். மாமாவின் கடைசி ஆட்டத்தைக் கெடுத்தவள் நான். இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மாமா என் தலையைத் தடவும்போதெல்லாம் எனக்குக் கூசியது.

பிறகு நடந்தது நல்லதுதான். கோடை முடிந்து உணவகத்தில் வேலை குறைந்த நேரத்தில் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். அடுத்த பருவத்துக்கு மாமா வேலைக்குத் திரும்பினார், பெர்மெஸ்ஸோவும் புதுப்பித்தார்கள். செவ்வாயும் வியாழனும் மாலையில் சின்னோரேயும் அவரும் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மாமா கழகத்தின் மேலாளரானார். மூன்றாம் வருடம் அந்தக் கப் பலெர்மோவிலேயே தங்கியது. ஆனாலும் என் குற்றம் என்னிடமே இருந்தது.

சென்ற குளிர்காலத்தில் சின்னோரே காலமானார். பிரேதப் பெட்டியைத் தூக்கியவர்களில் மாமாவும் ஒருவர். தேவாலயத்திலிருந்து வீட்டுக்கு வந்து, குசினிக் கதிரையில் இருந்துகொண்டு, பதினைந்து வருடம் அடக்கிவைத்ததை அம்மாவிடம் கொட்டிவிட்டேன். அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீ சொன்னதுக்கோ அந்த மனுசன் எழும்பினவர்? நீ அவிட்டுவிட்ட பொய்யை அண்டைக்கே சின்னோராட்டைச் சொல்லிப்போட்டன். கதிரையிலை இருக்கிறதுதான் வேலை எண்டு அவருக்குத் தெரியும்."

"அப்ப ஏன் எழும்பினவர்?"

"நான் கேட்டதாலை. உன்ரை மாமன் நான் சொல்லிக் கேக்கிற ஆளே? கழகமே சொன்னாலும் கேளான். மாலை போட்டுக் கூப்பிட்ட மனுசன் வந்து கையைப் பிடிச்சால் மாட்டன் எண்டு சொல்லேலுமே? அதுக்குத்தானே அவரைக் கூப்பிடச் சொன்னனான்."

தேத்தண்ணியை நீட்டியபடி அம்மா தலைவரிடம் சொன்ன அந்த ஒரு வரி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரிஞ்சால் இப்பவும் சண்டைக்கு வருவான்," என்றார். மாலையைக் கழற்றி மாமாவுக்குப் போட்டதும், பக்கத்தில் நிறுத்தியதும், மேலாளராக்கியதும் சின்னோரே தானாகச் செய்தவை, அவற்றை அம்மா கேட்கவில்லையாம்.

"உங்கட இத்தாலியனை வைச்சு இவ்வளவத்தையும் எப்பிடி அவருக்கு விளங்கப்படுத்தினனீங்கள் அம்மா?"

"எங்கை கதைச்சனான்? அண்டைக்கு வீடு கூட்டிக்கொண்டு நிண்டன். தம்பி எண்டு சொல்லிப்போட்டு நடந்து காட்டினன், என்ரை கையை நானே பிடிச்சு இழுத்தும் காட்டினன். அவர் தன்ரை காலைத் தொட்டுப் பாத்தார். அவ்வளவுதான்."

மூலையில் சாத்தியிருந்த, வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்து ஊன்றிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து, குசினியின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை அம்மா நடந்தார். அசல் மாமா. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"சரி, போதும். நடிச்சது காணும், வந்து இருங்கோ," என்றேன்.

"நடிப்பு அந்தச் சுவரோடை முடிஞ்சுது," என்றார் அம்மா, அதே தடியை ஊன்றியபடி, அதே காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தபடி.

இத்தனை வருடம் நாலாம் மாடியில் மண்டியிட்டுத் தரை துடைத்த முழங்கால் அது. நான் அப்போதுதான் கதிரையைவிட்டு எழுந்தேன்.