இடுப்பில் அரைக்கிலோ

மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடை. கண்ணாடி மேசைமேல் பச்சைத் துணி விரித்து மூன்று கைத்துப்பாக்கிகளை எங்கள் முன்னால் எடுத்து வைத்தார்கள். பெரியப்பா அவற்றைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஏலக்காய் என்றால் ஒரு கை அள்ளுவார், ஊதுவார், ஒரு காயை நகத்தால் பிளந்து மூக்கருகே கொண்டுபோவார், அப்புறம்தான் விலை சொல்வார். தொடாமல் எதையும் வாங்கியதில்லை. அன்றைக்கு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “இதுல எது ஆத்தா வெளிய தெரியாது?” என்று கடைக்காரரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும்? நான் கார் ஓட்டிக்கொண்டு போனவள்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். போடியில் ஏலக்காய் வியாபாரம். மலைக் கணவாயான மெட்டுக்கு இந்தப் பக்கம், சரிவில், சின்னதாக ஒரு தோட்டமும் உண்டு. கடையில் கணக்குப் பார்ப்பதும் அவருக்குக் கார் ஓட்டுவதும் என் வேலை. நான் ஊரில் இல்லாத ஒரு நாள், தோட்டத்துச் சம்பளப் பையோடு தானே ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனார். ஒரு வளைவில் முகத்தில் துண்டு கட்டிய இரண்டு பேர் பைக்கைக் குறுக்கே போட்டு நிறுத்திப் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பை போனதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. “குடுத்துட்டேன் ஆத்தா. கேட்ட ஒடனே குடுத்துட்டேன். குடுத்த பொறகும் கன்னத்துல அடிச்சான்” என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எழுபதை நெருங்கிய மனிதர். அவரை யாரும் ‘வா போ’ என்றுகூடப் பேசியதில்லை.

அதற்கப்புறம் அவர் மலையேறவில்லை. வாரம் பாதி நாள் தோட்டத்தில் இருந்தவர், கடையில் மலைக்கு முதுகு காட்டி உட்கார ஆரம்பித்தார். சோறு குறைந்தது, பேச்சு குறைந்தது. பெரியம்மாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “மலைக்குப் போகலேன்னா இவுக படுத்துருவாக. துப்பாக்கியோ பீரங்கியோ, எதையாச்சும் வாங்கிக் குடுத்து அனுப்பி வையி.” லைசென்சுக்கு அலைந்தோம். கிடைக்காது என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டுதான் நானும் அலைந்தேன். கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தோசைக்கல் சூட்டுக்கே கையை உதறுகிற மனிதர், பயத்தோடு துப்பாக்கியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனால், யாரையாவது சுட்டுவிடுவார், இல்லையென்றால் அதைப் பிடுங்கி அவரையே சுட்டுவிடுவார்கள். இந்த இரண்டில் ஒன்று நடக்கும் என்று நிச்சயமாக நினைத்தேன்.

துப்பாக்கிக் கடைக்காரர் பொறுமையான ஆள். அந்த மூன்றில் பெரியது நீளக்குழல் ரிவால்வர். இடுப்பில் செருகிக் காரில் உட்கார்ந்தால் தொடையில் குத்தும் என்றார். அடுத்தது தட்டையான பிஸ்டல், சட்டைக்குள் வைத்தால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் மேல்பகுதியை இழுத்து விட்டால்தான் குண்டு ஏறும். பெரியப்பாவின் மூட்டு வீங்கிய விரல்களால் அதை அசைக்க முடியாது என்று பார்த்ததுமே சொல்லிவிட்டார். மூன்றாவது உள்ளங்கை அளவு ரிவால்வர். அதைத்தான் முதன்முதலாகக் கையில் எடுத்தார். பின்பக்கத்துக் கொக்கி சட்டை நூலில் மாட்டும், அதற்குத் தோலுறை போட வேண்டும் என்றார் கடைக்காரர். “பேண்ட் போடுறவுகளுக்குன்னா நான் சட்டுனு சொல்லிருவேன். நீங்க வேட்டி. வெளிய தெரிஞ்சுச்சுன்னா அதுக்காகவே ஒங்கள அடிப்பாக” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணு செய்ங்க. அரைக்கிலோ எடைக்கல்லு ஒண்ண ஒரு வாரம் இடுப்புல வச்சுக்கிட்டு நடமாடுங்க. ஒத்து வந்துச்சுன்னா வாங்க, எடுத்துக்கலாம்.”

எடைக்கல்லுக்கா எங்கள் கடையில் பஞ்சம்? மறுநாள் காலையிலேயே வேட்டிமேல் கட்டும் பச்சை பெல்ட்டின் பைக்குள் அரைக்கிலோ இரும்புக்கல் ஏறிவிட்டது. அந்த வாரம் நாங்கள் பட்ட பாட்டை என்ன சொல்ல. வேட்டி ஒரு பக்கமாக இறங்கியது. நடக்கும்போது கை தன்னால் அங்கே போய்த் தடவிப் பார்த்தது. பார்த்தவர்களெல்லாம், “என்னண்ணே, வயித்து வலியா?” என்று கேட்டார்கள். பேத்தி மடியில் தாவி ஏறியவள், “தாத்தா வயித்துல கல்லு இருக்கு” என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த இடத்தில் நிஜமான சாமான் இருந்து, பிள்ளை கையை விட்டிருந்தால் என்று நான் சண்டை போட்டேன். “பிள்ளைக இருக்கயில கழட்டி வச்சுருவேன் ஆத்தா” என்றார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லாத நேரம் எது?

வாரத்தின் நடுவில் வீரபாண்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாம்பாருக்குக் குழி பறிக்கக் குனிந்தபோது கல் நழுவி உருண்டு, எதிர்வரிசையில் இருந்த பெரியம்மாவின் தம்பி இலைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “என்ன மச்சான், பொண்ண நிறுத்தா எடுக்க வந்தீக?” என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பெரியப்பா சிரிக்கவில்லை. கல்லை வாங்கி மறுபடியும் பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டார். திரும்பி வரும்போது, “சிரிக்கிறவுக சிரிக்கட்டும். அடி வாங்குனது நான்தான்” என்றார்.

வாரம் முடிகிற அன்று மலைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அவராகவே சொன்னார். பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. பெரியம்மா ஓடிவந்து திருநீறு பூசிவிட்டார். தோட்டத்தில் அவர் செடிகளுக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் இறங்கும்போது பனிமூட்டம். விளக்கைப் போட்டு மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தேன். ஒரு வளைவில் பைக் ஒன்று சாய்ந்து கிடந்தது. முகத்தைத் துண்டால் சுற்றிய ஒருவன் கையை நீட்டியபடி ரோட்டுக்கு நடுவில் வந்தான். நான் பிரேக்கை மிதித்தேன். அவன் பெரியப்பா பக்கமாக வந்து கண்ணாடியைத் தட்டினான்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. கல் பெல்ட்டிலிருந்து வெளியே வந்து, பெரியப்பாவின் இரண்டு கைக்கும் நடுவில், அந்த முகத்துக்கு நேராக நின்றது. ஆள்காட்டி விரல் இரும்பை அழுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தடவை இல்லை, விடாமல் அழுத்தியது.

வெளியே இருந்தவன் அதைக் குனிந்து பார்த்தான். துண்டை இறக்கினான். மீசை சரியாக முளைக்காத முகம், குளிரில் உதடெல்லாம் வெளுத்திருந்தது. “அய்யா, டயர் பஞ்சர். போன்ல டவர் கெடைக்கல. கீழ வரைக்கும் ஏத்திக்கிறீகளா?” என்றவன், கொஞ்சம் தயங்கி, “என்னங்கய்யா, எடைக்கல்லக் காட்டுறீக?” என்று கேட்டான்.

பெரியப்பா கல்லை மெல்ல மடியில் இறக்கினார். நான்தான் கதவைத் திறந்து, ஏறிக்கொள்ளச் சொன்னேன். காலேஜில் படிக்கிற பையன், ஊர் பண்ணைப்புரம். போடியில் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றேன். “வேணாம் ஆத்தா, வீட்டுலயே விட்டுட்டு வருவோம்” என்றார் பெரியப்பா. தேவாரம் ஊரைத் தாண்டி அவ்வளவு தூரம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. வழியெல்லாம் அவனிடம் விசாரித்துக்கொண்டே வந்தார். என்ன படிக்கிறாய், அப்பா என்ன வேலை, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், காலையில் சாப்பிட்டாயா. ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டினார்.

அவனுடைய அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். “ஏலே, போன எங்கலே தொலைச்ச? உசுரு உசுரா இல்ல எனக்கு” என்று முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார். பிறகுதான் எங்களைப் பார்த்தார். காப்பி குடிக்காமல் விடவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “ஒத்தப் புள்ளங்க. பத்திரமாக் கொண்டாந்து விட்டீக. இந்தக் கைக்கு ஒரு கொறையும் வராது” என்றார். பெரியப்பா அங்கேயே, வாசற்படியிலேயே, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். வயசானவர், மனசு இளகிவிட்டது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

தேவாரம் வரை திரும்பி வந்துவிட்டோம். அப்புறம், “மதுரக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிரு ஆத்தா. வேணாம்னு” என்றார். காரை ஓரம் கட்டி நிறுத்தி அங்கேயே போன் போட்டேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போதெல்லாம் தோட்டத்துச் சம்பளம் பேங்க் வழியாகவே போய்விடுகிறது. பெரியப்பா விடிகாலையில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களின் ஜீப்பில், அவர்களுடைய தூக்குவாளிகளுக்கு நடுவில் ஒண்டி உட்கார்ந்து மலையேறுகிறார். அவர்கள் அவரைக் கேலி செய்கிற கேலி கொஞ்சநஞ்சமல்ல, அவரும் விடுவதில்லை. பெரியம்மாவுக்கு அவர் மறுபடியும் ருசி சொல்லிச் சாப்பிடுகிறார் என்பதே போதும். ஆனாலும் பையன் நின்ற அந்த வளைவு வந்ததும் அவர் பேச்சு நின்றுவிடும் என்று ஜீப்பில் வருகிற பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் நானே கேட்டுவிட்டேன், இன்னும் பயமாக இருக்கிறதா பெரியப்பா என்று.

“இருக்கு ஆத்தா” என்றார். “பயம் இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பயலும் உசுரோட இருக்கான்ல.”