விஷயம் இல்லாமல் யார் வீட்டுக்கும் போகாதவர்

ஹிராசேயைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரும் கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்லதாகவும் சொன்னதில்லை. அவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே போயிருக்கிறாரா என்பதை நாற்காலியில் கோட்டு தொங்குகிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். பக்கத்து மேஜை என்னுடையது. தும்மல் வந்தால்கூட எழுந்து வராந்தாவுக்குப் போய்த் தும்மிவிட்டு வருகிற மனிதரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் எரிச்சல்படாமல் இருப்பது?

ஓசாகாவில் ரயில் பாலத்தை ஒட்டி, ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. பழைய வீடியோ கேம்களை இன்றைய மெஷின்களில் ஓடும்படி செய்து, இணையக் கடையில் மறுபடி விற்பது எங்கள் பிழைப்பு. விளையாடிப் பார்த்துப் பிழை பிடிப்பது என் வேலை. ஆள் பிடிப்பது ஹிராசேயின் வேலை. முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய விளையாட்டு என்றால், செய்த கம்பெனி பெரும்பாலும் மூழ்கிப்போயிருக்கும். உரிமை எவரெவர் கையிலோ மாறிக் கிடக்கும். படம் வரைந்தவர் ஓர் ஊர், இசை போட்டவர் ஓர் ஊர். எல்லோரும் சம்மதித்தால்தான் நாங்கள் தொட முடியும். ஒருவர் மாட்டேன் என்றாலும் விளையாட்டு பெட்டிக்குள் போய்விடும்.

அதனால் ஹிராசே ஒரு டப்பா இனிப்பு வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவார். வாசலில் நின்று குனிந்து வணங்கி, வந்த விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கித் திரும்புவார். விஷயம் இல்லாமல் அவர் யார் வீட்டு மணியையும் அடித்ததில்லை. அவர் வீட்டு மணியை அடிக்கவும் யாருக்கும் விஷயம் இருந்ததில்லை. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு அதே அடுக்குமாடியில் தனியாக இருந்தார். ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தார்.

'தவளைக் கோட்டை' என்று ஒரு விளையாட்டு. ஒரு பச்சைத் தவளை மாடி மாடியாகக் கோட்டை ஏறும், அவ்வளவுதான். ஆனால் அதன் இசையை ஒரு முறை கேட்டவர்கள் பாத்திரம் கழுவும்போதெல்லாம் முணுமுணுப்பார்கள். நானும்தான். செய்த கம்பெனி திவாலானபோது, உரிமை கடன் கொடுத்தவருக்குப் போய், அங்கிருந்து ஒரு சூதாட்ட மெஷின் கம்பெனிக்குப் போய், கடைசியில் வீடு வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் வந்து நின்றிருந்தது. தங்களிடம் ஒரு தவளை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. "பூச்சித் தொல்லைன்னா வேற நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று ஹிராசேயிடம் போனில் சொன்னார்களாம். அதை அவர் சிரிக்காமல் என்னிடம் சொன்னார். நான்தான் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தேன்.

ஒருவழியாக அவர்கள் சம்மதித்தார்கள். இசை மட்டும் பாக்கி. இசை போட்டவர் சம்பள ஆள் இல்லை. வெளியிலிருந்து வந்து செய்துகொடுத்தவர், ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. அதனால் இசை இன்னமும் அவருக்கே சொந்தம். ஆனால் அவர் யார்? விளையாட்டு முடிந்ததும் ஓடும் பெயர்களில் 'இசை: ஊறுகாய்' என்று இருந்தது. அந்தக் காலத்தில் எல்லாம் அப்படித்தான். உண்மைப் பெயர் தெரிந்தால் அடுத்த கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று முதலாளிகள் பட்டப்பெயரைத்தான் போடவிட்டார்கள். அன்றைக்குச் செய்த கெட்டிக்காரத்தனத்துக்கு இன்றைக்கு ஹிராசே தெருத் தெருவாக அலைந்தார்.

அந்த விளையாட்டுக்குப் புரோகிராம் எழுதியவர் இப்போது டாக்சி ஓட்டுகிறார். அவர்தான் துப்புக் கொடுத்தார். "பேரு ஞாபகம் இல்லீங்க. ஊர்ல பிள்ளைங்களுக்கு ஆர்கன் வாசிக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. அந்தம்மா டிபன் டப்பாவத் திறந்தா ரூம் பூரா பிளம் ஊறுகாய் வாசனைதான். யுவாசா பக்கம் அவங்க வீட்ல போட்டதுன்னு எல்லாருக்கும் ஒண்ணு தருவாங்க. அப்பா, என்ன புளிப்பு!"

கடலோரம், யுவாசாவில் ஆர்கன் சொல்லிக்கொடுத்த பெண்மணிகளை விசாரித்து விசாரித்து, மினேகோ என்பவரின் வீட்டை ஹிராசே பிடித்துவிட்டார். எழுபதுக்கு மேல் வயது, தனி வீடு, பல்லிடுக்கில் சிகரெட், ரேடியோவில் பேஸ்பால். இனிப்பை வாங்கி வைத்துக்கொண்டு மினேகோ சொன்னாராம்: "கொஞ்சம் யோசிக்கணும். அடுத்த மாசம் வாங்க."

யோசிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கம் முடியாது என்று அர்த்தம். ஆனால் அடுத்த மாதம் வாருங்கள் என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஹிராசே குழம்பிப்போய்த் திரும்பினார். அடுத்த மாதம் போனார். அதற்கடுத்த மாதமும் போனார். பிறகு குழப்பம் போய்விட்டது போலிருக்கிறது, போய்க்கொண்டே இருந்தார்.

யுவாசா போகிற நாளில் அவர் சவரம் பளபளவென்று இருக்கும். மறுநாள் என் மேஜையில் நாலைந்து ஆரஞ்சோ, ஒரு கிண்ணம் ஊறுகாயோ இருக்கும். "பல்பு மாத்திக் குடுத்தேன்" என்பார். "நேத்து நம்ம டீம் தோத்ததுக்கு நான் வந்த ராசிதான் காரணம்னு திட்டினாங்க" என்பார். வருஷக்கணக்கில் வானிலையைத் தவிர எதையும் பேசாதவர், ஒரு கிழவி தன்னைத் திட்டியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆரஞ்சும் நன்றாக இருந்தது.

எங்கள் மேலாளர் செகியாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தவளை மற்ற எல்லா விதத்திலும் தயாராகிவிட்டது. "கேட்டீங்களா, இல்லையா?" என்று ஹிராசேயைப் பிடித்தார்.

"இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்காங்க."

"தவளை ஏறுறதா, இறங்குறதான்னு யோசிக்கிறாங்களா? தோமிதா சான், இந்தத் தடவ நீங்களும் கூடப் போங்க."

தோமிதா நான்தான், 'சான்' மரியாதைக்கு. போனேன்.

மினேகோ கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "என்ன கம்பெனிக்காரரே, இன்னைக்குப் பாதுகாப்புக்கு ஆள் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றார். ஹிராசேயை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. உள்ளே டீ வந்தது, காராமணி இனிப்பு வெட்டி வந்தது, ஆரஞ்சு உரிந்தது, ரேடியோவில் எங்கள் அணி வழக்கம்போல் தோற்றது. ஹிராசே கால் மரத்துப்போகிற அளவுக்கு உட்கார்ந்திருந்தார். வெளியே வெயில் சாய்ந்தது. தவளை என்ற சொல் அந்த அறைக்குள் வரவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாளுக்குப் பிறகு இந்த மனிதர் இத்தனை மாதமும் கேட்கவே இல்லை. கேட்டால் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு பதில் வந்துவிடும். எந்தப் பதில் வந்தாலும் இங்கே வர வேறு விஷயம் கிடையாது.

எனக்கு மேலாளர் உத்தரவு. கேட்டேன்.

"அம்மா, தவளைக் கோட்டை இசைய மறுபடி வெளியிட உங்களுக்குச் சம்மதமா?"

மினேகோ சிகரெட்டை நசுக்கினார். "சம்மதம்தான். ரெண்டாந்தடவ வந்தப்பவே மறுபடி கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேனே," என்றார். சொன்னது என்னிடம், பார்த்தது ஹிராசேயை. ஹிராசே தன் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்திருந்தது.

"எத்தன வருஷத்துக்குக் கேக்குறீங்க?"

"வழக்கமா பத்து வருஷம் கேப்போம்."

"பத்தெல்லாம் கிடையாது. ஒரு வருஷம். முடிஞ்சதும் மறுபடி வந்து கேளுங்க. யாரு வருவா? கம்பெனிக்காரர்தானே?"

"ஆமாங்க, நான்தான் வருவேன்," என்றார் ஹிராசே. அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு வருஷம் என்றதும் செகியா குதித்தார். அடுத்த வருஷம் அந்தம்மா மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் கடையிலிருந்து விளையாட்டைத் தூக்க வேண்டும், வாங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எந்தப் பைத்தியக்காரன் இப்படி ஒப்பந்தம் போடுவான் என்று கத்தினார். ஹிராசே சொன்னார்: "ஒரு வருஷம் போதும். நான் போய்ப் புதுப்பிச்சிட்டு வர்றேன். பொறுப்பு என்னுடையது." எதிர்த்துப் பேசாதவர் முதல் முறையாக எதிர்த்துப் பேசிவிட்டார். செகியா ஒப்பந்தத்தில் முத்திரை குத்திவிட்டார்.

வெளியாவதற்கு முன் இசையை மினேகோ கேட்டுச் சரி என்று சொல்ல வேண்டும். அதில் இன்னும் சில மாதம் ஓடியது. மூன்றாம் மாடிக்கான இசையில் தவளைக்குச் சளி பிடித்திருக்கிறது என்பார். நான் உட்கார்ந்து சரிசெய்வேன், ஹிராசே எடுத்துக்கொண்டு போவார். மேல்மாடியில் காற்று போதவில்லை என்பார். மறுபடி சரிசெய்வேன். கடைசியில் குறை சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. "சரியா இருக்குன்னுட்டாங்க," என்று ஹிராசே வந்து சொன்னபோது, சாவுச்செய்தி சொல்வதுபோல் இருந்தது முகம். தன் பெயரை மாற்ற வேண்டாம், ஊறுகாய் என்றே இருக்கட்டும் என்றும் மினேகோ சொல்லி அனுப்பியிருந்தார்.

தவளை கடைக்கு வந்தது. நன்றாகவே விற்றது. ஹிராசேயின் நாற்காலியில் கோட்டு தொங்கியபடியே இருந்தது.

"சும்மா ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்," என்றேன் ஒரு நாள்.

"என்ன விஷயமா?"

"விஷயம் என்ன விஷயம்? பாக்கத்தான்!"

"அப்படிப் போனா பயந்துடுவாங்க, தோமிதா சான். கம்பெனில ஏதோ பிரச்சனைன்னு நினைப்பாங்க. வருஷம் முடியட்டும்."

இதற்கு மேல் என்ன சொல்வது? அங்கே அந்தம்மாவும் இதேபோல் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டலாம் போல ஆத்திரம் வந்தது.

வருஷம் முடிகிற நாளில் சவரம் செய்து, புதுச் சட்டை போட்டு, வழக்கத்தைவிடப் பெரிய டப்பா வாங்கிக்கொண்டு போனார். வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் பலகைகள் இழுத்து மூடியிருந்தன. பக்கத்து வீட்டு அம்மாள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாராம். மினேகோ மழைக்காலத்திலேயே போய்விட்டார், உறவுக்காரர்கள் வந்து எல்லாம் முடித்துவிட்டார்கள் என்றார். "நீங்க யாரு, சொந்தமா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லீங்க. கம்பெனிக்காரர்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

யாரும் அவருக்குச் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? சொந்தங்களுக்குச் சொல்வார்கள், சிநேகிதர்களுக்குச் சொல்வார்கள். இவர் இரண்டிலும் சேர்த்தி இல்லை. டப்பாவை அப்படியே அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, எல்லோர் மேஜையிலும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார். எல்லோரும் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுத் தின்றார்கள். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

இசையின் உரிமை இப்போது சப்போரோவில் இருக்கும் மினேகோவின் அண்ணன் மகனுக்கு வந்திருந்தது, அவருக்கு ஹிராசேதான் முறைப்படி எழுதிக் கேட்டார். அன்றே பதில் வந்துவிட்டது. அத்தை கேமுக்கு இசை போட்டதே எங்களுக்குத் தெரியாது, காலவரை எதுவும் வேண்டாம், எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள், இனி கேட்க வேண்டியதில்லை.

"இப்படி ஒரு ஆளு மொதல்லயே கிடைச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!" என்றார் செகியா. அவருக்கு ஒரே குஷி. தவளையை இனி யாரும் கடையிலிருந்து இறக்க முடியாது. ஹிராசே தலையாட்டிவிட்டு, அடுத்த விளையாட்டின் கோப்பை எடுத்துப் பிரித்தார். அன்றைக்கு வராந்தாவுக்குப் போய் ரொம்ப நேரம் தும்மினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க," என்றேன். உத்தரவு போடுகிற குரலில்தான் சொன்னேன், இல்லாவிட்டால் நழுவிவிடுவார்.

வந்தார். கோட்டு, டை, கையில் இனிப்பு டப்பா. என் வீட்டுக்காரர் அடுப்பை மேஜையில் வைத்து, மீனும் கோஸும் காளானும் சட்டியில் கொதிக்கக் கொதிக்க அள்ளி அள்ளிப் போட்டார். தான் பிடித்த மீன், பிடிக்காமல் போன மீன் எல்லாவற்றின் கதையையும் சொன்னார். ஹிராசே எல்லாவற்றுக்கும் "அப்படியா" என்றார். போட்டதையெல்லாம் சாப்பிட்டார். ஆனால் முதுகு நாற்காலியில் சாயவே இல்லை. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் "இன்னும் கொஞ்சம் சாதம்?" என்று கேட்டதும் மறுபடி எடுத்துக்கொண்டார். சாப்பாடு முடிந்தது, டீ முடிந்தது, பழமும் முடிந்தது. கிளம்பினார்.

வாசலில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டினார். எழுந்து நின்றவர் போகாமல் தயங்கினார்.

"தோமிதா சான், தப்பா நினைக்காதீங்க. கூப்பிட்ட விஷயம் என்னன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

சாயங்காலம் முழுவதும் இந்த மனிதர் அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார். விஷயம் ஒன்றும் இல்லை, நீங்கள் வந்தாலே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இனி வரமாட்டார்.

"கொஞ்சம் யோசிக்கணும்," என்றேன். "அடுத்த மாசம் வாங்க."

அது யாருடைய வார்த்தை என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் குனிந்து, தேவைக்கு மேல் நெடுநேரம் வணங்கினார். நிமிர்ந்ததும் கோட்டுப் பையிலிருந்து சின்னக் காலண்டரை எடுத்தார்.

"சரிங்க. எந்தக் கிழமைன்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க," என்றார்.