தாம்பரத்திலிருந்து மேடவாக்கம்: வீடு வீடாகப் போன ஒரு சனிக்கிழமை

பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே கூட்டிப்போக நினைக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். 1991 ஆகஸ்ட். தாம்பரத்தில் பதினோராம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். குடியேறி வருகிறவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "அகதிங்க வந்துதான் மிஸ் வாடகை ஏறிப்போச்சு" என்றான் ராஜேஷ். வகுப்பே தலையாட்டியது. சரி, யார் எங்கிருந்து வந்தார்கள், வாடகை ஏன் ஏறியது என்று நேரில் போய்க் கேட்டுவிட்டு வருவோம் என்றேன்.

ஆறு பேர் கிளம்பினோம். அதில் வதனியும் ஒருத்தி. அவள் பேச்சை வைத்துப் பிள்ளைகள் அவளை நாகர்கோவில் என்று நினைத்திருந்தார்கள். யாழ்ப்பாணம் என்று எனக்கு மட்டும் தெரியும். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று அவள் அம்மா சேர்க்கும்போதே கேட்டுக்கொண்டிருந்தார். மே மாதம் முன்னாள் பிரதமர் கொல்லப்பட்ட பிறகு, முகாமுக்கு வெளியே இருக்கும் அகதிகள் போலீசில் பதிய வேண்டும் என்று கெடுபிடி நடந்த நேரம். இவர்கள் பதியவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பஸ் ஏறுமுன் அவளைத் தனியே அழைத்து, "நீ கேள்வி கேக்க வேணாம், எழுதிக்கோ, போதும்" என்றேன்.

கிழக்குத் தாம்பரத்தில் 8.40க்கு பஸ். செம்பாக்கம் ஐந்து கிலோமீட்டர், ஆளுக்கு எழுபத்தைந்து பைசா. அங்கிருந்து மேடவாக்கம் வரை நடந்தோம். பதினொரு வீடு ஏறி இறங்கியதில் ஒரே ஒரு குடும்பம்தான் உள்ளூர். "நானே விருதுநகர்க்காரன்மா" என்றார் ஒரு வீட்டுக்காரர். "ரோடு போட்டாங்க, பஸ் வந்துச்சு, வாடகைய ஏத்தினேன். அகதி ஒருத்தரயும் நான் பாத்ததில்ல." வதனி இரண்டடி தள்ளி நின்று அதை எழுதிக்கொண்டாள். ராஜேஷ் தன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பாடம் ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. யாராவது அவளைப் பேசவைத்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு வாசலிலும் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

மேடவாக்கம் கூட்டுரோட்டுக்கு 12.15க்கு வந்து சேர்ந்தோம். டீக்கடை வாசலில் ஒரு கான்ஸ்டபிள் எங்களை நிறுத்தினார்.

"வூடு வூடா கணக்கெடுத்துகினு போறீங்களாமே, இன்னா விஷயம்?"

யாரோ சொல்லியிருக்கிறார்கள். நோட்டும் கையுமாக, யார் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டு போனால் அந்த வருடம் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இது எனக்கு முன்பே தோன்றவில்லை. அவர் ஒவ்வொருவராகப் பேரும் ஊரும் கேட்டார். வதனியின் முறை வந்தபோது நான் முந்திக்கொண்டேன்.

"நாகர்கோவில் சார்."

"அந்தப் பொண்ணு சொல்லட்டும்."

"யாழ்ப்பாணம் சேர். பதிவு இருக்கு" என்று வதனி நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

அவர் நிதானமாகப் படித்தார். "எல்லாம் சரியாத்தான் கீது. அப்பால டீச்சர் இன்னாத்துக்குப் பொய் சொன்னாங்க?" தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் ராஜேஷ் எழுந்து அவளுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையே மிஸ். கேட்டிருந்தா அப்பவே காட்டியிருப்பன்" என்றாள்.

மறுநாள் நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். தாள் கைக்கு வர மூன்று மணி நேரமானது. அவள் அம்மா அதுவரை நின்றுகொண்டே இருந்தார்.

இப்படிப் போகிறவர்களுக்கு: தலைமையாசிரியரிடம் கடிதம் வாங்குங்கள், ஸ்டேஷனில் முன்பே சொல்லிவிடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் நிழல் கிடையாது. கூட வரும் பிள்ளையைப் பற்றித் தெரியாததை அவளிடமே கேளுங்கள். அவளுக்காக நீங்கள் பயப்படுகிறீர்கள் என்பதால் அவளைப் பற்றி உங்களுக்குத் தெரியும் என்று ஆகிவிடாது.

பத்து நாளில் அந்த அம்மா டி.சி. கேட்டு வந்தார். படிவத்தை நான்தான் நிரப்பினேன். பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "வீடு மாறுறம் எண்டு போடுங்கோ மிஸ்" என்றார். அப்படியே எழுதினேன்.