எங்கள் லைன் அடித்த மொட்டை

எங்கள் குவாலிட்டி மேனேஜர் கருவாட்டுக் குழம்பு வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கே எனக்குத் திக்கென்றது. கொரியாவிலிருந்து வந்து ஆறேழு வருஷமாக ஒரகடத்தில் குப்பை கொட்டுகிற மனிதர் அவர். ஞாயிற்றுக்கிழமையானால் குன்றத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என் வீட்டுக்காரரோடு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு மென்று தின்பார். அப்படிப்பட்டவர் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, "இன்னான்னு தெரியல அக்கா, உள்ள போவ மாட்டேங்குது" என்றார்.

அவர் தமிழ் அப்படித்தான் இருக்கும். அசெம்பிளி லைனில் வேலை செய்கிற பிள்ளைகளிடம் கற்றுக்கொண்ட தமிழ். கார் இருக்கைக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி எங்களுடையது. அங்கே நான் கொரிய மொழிபெயர்ப்பாளர். கொரியர்கள் திட்டுவதைப் பாதியாகக் குறைத்துத் தமிழிலும், நம்மவர்கள் திட்டுவதைக் கால்வாசியாகக் குறைத்துக் கொரிய மொழியிலும் சொல்வதுதான் என் உத்தியோகம். என்னால்தான் அந்தத் தொழிற்சாலையில் இத்தனை வருஷமாக அடிதடி நடக்கவில்லை என்று நான் மனசார நம்புகிறேன். இவர் ஒருவர்தான் எனக்கு வேலை வைக்காதவர். வயதில் மூத்த பெண்ணை அக்கா என்று கூப்பிடுவது அவர்கள் ஊரிலும் வழக்கம் என்பதால் வந்த முதல் வாரத்திலேயே என்னை அக்கா ஆக்கிவிட்டார். கம்பெனிக்குள் நான் அவரை சார் என்பேன், வாசலைத் தாண்டினால் தம்பி.

மற்ற கொரிய அதிகாரிகள் ஏசி காரில் ஏறி நகரத்துக்குப் போய்விடுவார்கள். இவர் ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் லைன் பிள்ளைகளோடு நின்று மசால்வடை தின்பார். என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து குன்றத்தூர் மார்க்கெட்டுக்கு வந்து, முள்ளங்கியைத் தட்டித் தட்டி வாங்குவார். அதைப் போட்டு அவர்கள் ஊர் கிம்ச்சி செய்து டப்பாவில் எடுத்துவந்து எல்லோருக்கும் கொடுப்பார். "நல்லாத்தான் சார் இருக்கு. எங்கூர்ல இத கெட்டுப்போன ஊறுகாய்ம்பாவ" என்று ஒரு திருநெல்வேலிப் பையன் சொன்ன தமிழ் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை, நான் ஒரு சொல்கூடக் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அன்று முழுக்க விழுந்து விழுந்து சிரித்தார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாக டியூபை விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் இங்கிலீஷில் என்னிடம் சொன்னார். எத்தனையோ பேருடைய கோபத்தைத் தண்ணீர் ஊற்றி ஊற்றி இறக்கியவளுக்கு, அந்த ஒரு சொல்லில் தண்ணீர் ஊற்றத் தெரியவில்லை. வயிற்றில் ஏதோ கட்டி மாதிரி என்று இழுத்தேன். அவர்தான், "சுத்தி வளைக்காத அக்கா. கேன்சர் தானே?" என்று தமிழில் கேட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். நோயாளி எனக்குக் கைக்குட்டை கொடுத்தார்.

விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. நம் ஊரில் ஒருவருக்கு நோய் வருவது ஒரு கஷ்டம், பார்க்க வருகிறவர்களைச் சமாளிப்பது அதைவிடக் கஷ்டம். அவர் ஃப்ளாட்டில் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் குவிந்தன. ஒருவர் அருகம்புல் சாறு என்றார், இன்னொருவர் அதெல்லாம் வேண்டாம், சிறுகண்பீளைதான் என்றார். ஸ்டோர்ஸ்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க சித்தப்பாவுக்கும் இதே வயித்துலதான் சார். நல்லாத்தான் இருந்தாரு. ரெண்டே மாசம்" என்று ஆறுதல் சொன்னார். நான் முறைத்த முறைப்பில் பாதிக் காபியோடு எழுந்துவிட்டார். எங்கள் எச்ஆர் மேனேஜர் தமிழர்தான், ஆனாலும் எல்லோருக்கும் இங்கிலீஷில் ஒரு மெயில் அனுப்பினார். ஆரோக்கியமே செல்வம் என்று அதில் பூப்போட்டு எழுதியிருந்தது.

ஆபரேஷன் சியோலில் என்று முடிவானது. கிளம்புவதற்கு முன்னால் அவர் பயந்தது கத்திக்கு அல்ல. "வயித்துல பாதிய எடுத்தாக்கூட பரவால்ல அக்கா. அங்கியே ஒரு டேபிள்ல ஒக்கார வெச்சிட்டாங்கன்னா? அங்க எனக்கு யாரு கீறா?" என்றார். அவருக்கு அங்கே அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, குடும்பமும் இல்லை. நோயாளி என்று முத்திரை குத்தப்பட்டவரை வெளிநாட்டு வேலைக்குத் திருப்பி அனுப்புகிற பழக்கம் எங்கள் கம்பெனிக்கு இல்லை. அவர் நாற்காலி இன்னும் சூடாக இருக்கும்போதே இரண்டு பேர் அதன்மேல் கண் வைத்திருந்தார்கள். "நீங்க வருவீங்க தம்பி" என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் விமானம் ஏறிய அன்று, லைனில் வேலை செய்கிற சேரப்பணஞ்சேரிப் பெண் ஒருத்தி ஒரு காரியம் செய்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மொட்டை என்று குன்றத்தூர் மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். லைன் மொத்தமும் மொட்டை போடும் என்று வேண்டிக்கொண்டுவிட்டாள்! ஊரார் தலையைச் சாமிக்கு எழுதிக் கொடுத்த பக்தையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நீ நேந்துகிட்டதுக்கு என் தலைதான் கெடச்சுதாக்கும்?" என்று திருநெல்வேலிப் பையன் எகிறினான். அவன் முடிக்கு எண்ணெயும் சீப்புமாகச் செலவழித்த நேரத்தில் இன்னொரு டிகிரி வாங்கியிருக்கலாம்.

"வேண்டிக்கினத மாத்த முடியாது. சாமி குத்தம் ஆயிடும். சாருக்கு எதுனா ஆச்சுன்னா நீ தான் பொறுப்பு" என்றாள் அவள்.

அதற்கு மேல் யார் வாயைத் திறப்பார்கள்? ஆபரேஷன் முடிந்து சில நாளில் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. தேய்ந்துபோன குரலில், "அக்கா, உசுரோட கீறேன்" என்றார். லைனில் அதைப் போட்டுக் காட்டினேன். அழுதார்கள், விசில் அடித்தார்கள், பிறகு பையன்கள் எல்லாரும் மெதுவாகத் தங்கள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். வந்த ஞாயிறு மலையில் முதலில் உட்கார்ந்தவள் அந்தப் பெண்தான். பூமுடி கொடுத்தால் போதும் என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கேட்கவில்லை, முழு மொட்டை. அதைப் பார்த்த பிறகு பையன்கள் எந்த முகத்தோடு ஓடுவார்கள்?

திங்கட்கிழமை காலையில் சந்தனம் பூசிய தலைகளோடு லைன் நின்றது. அப்போதுதான் புதிதாக வந்திருந்த பிளான்ட் ஹெட், கொரியாவை விட்டு முதல்முறையாக வெளியே வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். அவர்கள் ஊரில் தொழிலாளர்கள் கூட்டமாகத் தலையை மழித்துக்கொண்டால் அது போராட்டத்தின் உச்சகட்டம். இனி பேச்சு இல்லை என்று அர்த்தம். அடுத்த நிமிஷம் நான், எச்ஆர் மேனேஜர், லைன் சார்பில் அந்தப் பெண்ணும் திருநெல்வேலிப் பையனும் மீட்டிங் ரூமில் இருந்தோம். அந்த அறையில் லைன் பிள்ளைகளுக்கு ஜூஸ் கொடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

"உங்கள் கோரிக்கை என்ன?" என்று பிளான்ட் ஹெட் கேட்டார். மொழிபெயர்த்தேன்.

"அதான் நெறவேறிடுச்சே சார்" என்றாள் அவள்.

அவர் முகம் வெளுத்தது. "யார் நிறைவேற்றியது?"

"முருகன்."

"முருகன் எந்த டிபார்ட்மென்ட்?" என்றார். எச்ஆர் மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவர் நம் கம்பெனி ரோலில் இல்லை என்று விளக்கினார். வெளியாள் தூண்டுதல் என்று பிளான்ட் ஹெட் இன்னும் கலங்கிப்போனார். இது கோயில் நேர்த்திக்கடன், நோயாளிக்காகச் செய்வது என்று நான் கொரிய மொழியில் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றுமே வேண்டாம் என்று ஒருவன் தலையை மழித்துக்கொள்வான் என்பதை அவர் நம்பவே இல்லை. என்னதான் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

எனக்கா, உள்ளுக்குள் கொதித்தது. கேளுங்கடா! அந்த லைனில் ஒருவர்கூடப் பர்மனென்ட் கிடையாது, எல்லாம் கான்ட்ராக்ட். பஸ்ஸில் மின்விசிறி சுற்றாது. கேட்டால் கிடைக்கிற நாள் அது ஒன்றுதான். மொழிபெயர்ப்பாளர் சொந்தமாகப் பேசக்கூடாது என்பதால் மேஜைக்குக் கீழே அந்தப் பையன் காலை மிதித்தேன். அவன் காலை நகர்த்திக்கொண்டு, "சார் திரும்ப நம்ம லைனுக்கு வந்தாப் போதும். வேற என்னத்தக் கேக்கப் போறோம்?" என்றான்.

எச்ஆர் மேனேஜர் பாய்ந்து எழுதினார். ஒரே கோரிக்கை, குவாலிட்டி மேனேஜர் மீண்டும் இதே பொறுப்புக்கு வரவேண்டும். சியோல் ஹெட் ஆபீஸில் மறுப்பே சொல்லவில்லை. மொட்டை அடித்த கூட்டம் இத்தனை மலிவாகப் படிந்ததில் அவர்களுக்கு ஏக சந்தோஷம். நாற்காலிமேல் கண் வைத்திருந்த இரண்டு பேரும் கண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

மருந்தெல்லாம் முடிந்து அவர் வரப் பல மாதம் ஆனது. பாதியாக இளைத்திருந்தார். கோழிக்குஞ்சு மாதிரிக் கொத்திக் கொத்திச் சாப்பிட்டார். ஆனால் மருந்தில் கொட்டிப்போன முடி புதிதாக முளைத்திருந்தது. அதில் மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம், "தொட்டுப் பாரு, என்னுது தான்" என்று தலையைக் குனிந்து காட்டினார்.

அந்தத் தலையோடுதான் லைனுக்குள் போனார். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தார். எல்லாம் புது முகங்கள். குட் மார்னிங் சார் என்றார்கள், அவர் யாரென்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

"எங்க பசங்க?" என்று எச்ஆர் மேனேஜரிடம் கேட்டார்.

"கான்ட்ராக்ட் முடிஞ்சுது சார். முடிஞ்சா அனுப்பிடுவோம், அதான் சிஸ்டம்" என்றார் அவர். இதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"எனக்காவ மொட்டை அடிச்ச பசங்க" என்று மெல்லச் சொன்னார். அன்று டீக்கடைக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் சாப்பிட உட்காராமல், "மலைக்கு வா அக்கா" என்றார். சாமி கும்பிடத்தான் என்று கூடப் போனேன். நேரே போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்தார். "தம்பி, லூசா நீங்க? இப்பதான் முளைச்சிருக்கு!" என்று படிக்கட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பஞ்சு முடி கத்தி பட்டதுமே வந்துவிட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன், பார்க்க முடியவில்லை.

மறுநாள் அவர் அந்தத் தலையோடு பிளான்ட் ஹெட் அறைக்குள் போனார். கொரியர் தலையைக் கொரியர் பார்த்தால் அங்கே எனக்கு என்ன வேலை? வெளியே நின்றேன். எச்ஆர் மேனேஜர் ஓடி வந்து, "வேண்டுதலா மேடம்?" என்று காதோரம் கேட்டார்.

"ஆமா சார். சாமி நீங்கதான். சீக்கிரம் நிறைவேத்துங்க" என்றேன்.

அந்த வாரமே ஒவ்வொருவருக்கும் போன் போனது. எல்லோரும் வரவில்லை. சிலர் மண்ணூர்ப் பக்கம் வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தார்கள், சிலருடைய போன் எண்ணே மாறிவிட்டது. திருநெல்வேலிப் பையன் வந்தான், பழையபடி எண்ணெய் வழியும் கிராப்போடு. பர்மனென்ட் இல்லை, மறுபடியும் கான்ட்ராக்ட்தான். அதற்கும் சேர்த்து அவர் இன்னும் அந்த அறைக்குள் போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

சேரப்பணஞ்சேரிப் பெண் காது வரை வளர்ந்த முடியைக் கிளிப் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். லைன் முனையில் நின்றவரை முதலில் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனாள். பிறகு திரும்பி வந்தாள். அந்த மொட்டைத் தலையையும், பெல்ட்டை இறுக்கியும் நிற்காத பேன்ட்டையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"அறிவு கீதா சார் உங்களுக்கு? நாங்க இன்னாத்துக்கு வேண்டிக்கினோம்? மழைல நனஞ்சா தலையில தண்ணி எறங்கும், ஜொரம் வரும்" என்று அதட்டிவிட்டு, கழுத்திலிருந்த துப்பட்டாவை உருவி அவர் தலையில் சுற்றினாள். சுற்றச் சுற்ற அழுதுகொண்டிருந்தாள்.